முன்தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்குக் காப்பீடு உண்டா? ஈஜிபுரா எழுப்பும் கேள்வி

பெங்களூரு: பெங்களூருவின் ஈஜிபுரா பகுதியில் வசிப்பவர்களுக்கு மருத்துவமனைகள் தொலைவில் இல்லை. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. ஓசூர் சாலைப் பக்கம் சென்றால், 1973-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பக்கத்துக் கோரமங்களாவில் தெருவுக்குத் தெரு தனியார் ஆய்வகங்கள் உள்ளன. ஆயினும், நோய் முற்றுவதற்கு முன்பே அதைக் கண்டறியும் பரிசோதனைக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டால், இப்பகுதியில் வசிக்கும் மென்பொருள் ஊழியருக்கு ஒரு பதிலும், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கு மற்றொரு பதிலும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வேறொரு பதிலும் கிடைக்கின்றன.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு கடந்த சில ஆண்டுகளில் வேகமாக விரிவடைந்துள்ளது. ஆனால், அதன் அடிப்படை விதி பெரிதாக மாறவில்லை. நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் காப்பீடு பணம் தரும். அனுமதிக்கப்படும் நிலை வராமல் தடுக்கும் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தராது. 2025-ஆம் ஆண்டில் மத்திய, மாநில அரசுகள் எடுத்த மூன்று முடிவுகள் இந்த நிலையை ஓரளவு அசைத்துள்ளன. அவை ஈஜிபுரா போன்ற பகுதிகளில் எவரைச் சென்றடைகின்றன, எவரை விட்டுவிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று முடிவுகள்

முதலாவது, வரி தொடர்பானது. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத வரியை முழுமையாக நீக்கியது. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 20,000 ரூபாய் பிரீமியம் செலுத்தும் குடும்பம் முன்பு வரியாகக் கொடுத்த 3,600 ரூபாய் மிச்சமாகிறது. எனினும், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை.

இரண்டாவது, தொழிலாளர் சட்டங்கள் தொடர்பானது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை செய்துதர வேண்டியது வேலை அளிப்பவரின் பொறுப்பு என்று அப்போது மத்திய அரசு அறிவித்தது. பரிசோதனையை நிறுவனத்தின் சலுகை என்ற நிலையிலிருந்து தொழிலாளியின் உரிமை என்ற நிலைக்குக் கொண்டுவந்த மாற்றம் இது.

மூன்றாவது, கர்நாடக அரசின் 'கிருஹ ஆரோக்கியா' திட்டம். 2024 அக்டோபரில் கோலார் மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2025-இல் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. 30 வயதைக் கடந்தவர்களின் வீடுகளுக்கே சுகாதாரப் பணியாளர்கள் சென்று, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் உள்ளிட்ட 14 தொற்றா நோய்களுக்கான அறிகுறிகளைக் கண்டறிவது இதன் நோக்கம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சொந்தமாகக் காப்பீடு வாங்கக்கூடியவருக்கு ஒரு வழியும், முறைசார்ந்த வேலையில் இருப்பவருக்கு ஒரு வழியும், பகலில் வீட்டில் இருப்பவருக்கு ஒரு வழியும் திறந்துள்ளன. ஈஜிபுராவில் வசிப்போரில் கணிசமானோர் இம்மூன்று வகைகளிலும் அடங்காதவர்கள் என்பதே சிக்கல்.

வீட்டு வேலை செய்யும் பெண் பணிபுரியும் இடம் ஒரு குடும்பத்தின் வீடு. தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்லும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் அது வராது. உணவு, பொருள் விநியோகம் செய்யும் இளைஞரை அவருக்கு வேலை தரும் செயலி 'ஊழியர்' என்று ஏற்பதில்லை. இருவருமே காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதால், வீடு தேடிவரும் சுகாதாரப் பணியாளர் பூட்டிய கதவையே காண நேரிடும். பிரீமியத்துக்கான வரி நீங்கியதால் அவர்களுக்குப் பயன் இல்லை. அவர்கள் பிரீமியமே செலுத்துவதில்லை.

கட்டிலைச் சுற்றிய காப்பீடு

இந்தியப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் அறிமுகப்படுத்திய 'மெடிகிளைம்' திட்டமே நாட்டின் மருத்துவக் காப்பீட்டுக்கு வடிவம் கொடுத்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவைத் திருப்பித் தருவதே அதன் மையம். பரிசோதனைக்கு அதில் ஒரு சிறிய இடம் இருந்தது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து எந்தக் கோரிக்கையும் வைக்காதவருக்கு, சராசரிக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை உடல் பரிசோதனைச் செலவு திருப்பித் தரப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் காப்பீடு வைத்திருந்தவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 1,000 ரூபாய் கிடைத்தது. நோயுறாதவருக்கு அளிக்கப்பட்ட பரிசாகவே பரிசோதனை கருதப்பட்டது. நோய் வரும் ஆபத்தில் இருந்தவருக்கு, அதாவது அது மிகவும் தேவைப்பட்டவருக்கு, அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஐஆர்டிஏஐ எனப்படும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், காப்பீட்டு விலக்குகளை ஒரே சீராக்கும் நெறிமுறைகளை 2019-இல் வெளியிட்டது. நோயைக் கண்டறிவதற்காகவோ மதிப்பிடுவதற்காகவோ மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் அச்செலவை ஏற்கத் தேவையில்லை என்பது அவற்றில் ஒரு விலக்கு. அப்போதைய சிகிச்சையுடன் தொடர்பில்லாத சோதனைகளுக்கும் பணம் கிடைக்காது. சிகிச்சைக்கான சேர்க்கை நிகழ்ந்தால் மட்டுமே, அதற்கு முந்தைய சோதனைகள் கணக்கில் சேரும்.

2020 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட மற்றொரு நெறிமுறை, உடல்நலப் பேணலை ஊக்குவிக்கும் அம்சங்களைப் பாலிசிகளில் சேர்க்க அனுமதித்தது. உடற்பயிற்சி, பரிசோதனை ஆகியவற்றுக்குப் புள்ளிகள் அளித்து, அவற்றைப் புதுப்பிக்கும்போது பிரீமியத் தள்ளுபடியாக மாற்றிக்கொள்ளும் வசதி இவ்வாறு வந்தது. இப்போது பல தனிநபர் பாலிசிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்ற சொற்றொடர் இடம்பெறுகிறது. ஆனால், எந்தெந்தச் சோதனைகள், எவ்வளவு தொகை வரை, எந்த ஆய்வகத்தில் என்பவை பாலிசிக்குப் பாலிசி வேறுபடுகின்றன. எல்லா நிறுவனங்களும் கட்டாயம் வழங்க வேண்டிய பரிசோதனைப் பட்டியல் என்று ஒன்று இல்லை.

வருமான வரிச் சட்டம் தந்த சலுகையும் குறுகியதே. 2012-இல் கொண்டுவரப்பட்ட மாற்றத்தின்படி, 80டி பிரிவின் கீழ் முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இது தனித் தொகையன்று. காப்பீட்டு பிரீமியத்துக்கான 25,000 ரூபாய் உச்சவரம்புக்குள் அடங்கியது. 20 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு இதன் அதிகபட்ச மதிப்பு ஏறத்தாழ 1,000 ரூபாய். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவும் கிடையாது. வரி செலுத்தும் அளவுக்கு வருமானமே இல்லாதவர்களுக்கு இது எவ்விதத்திலும் பொருந்தாது.

நிறுவனங்கள் தயங்குவது ஏன்?

எதிர்பாராத பெருஞ்செலவைப் பலரிடையே பகிர்வதே காப்பீட்டின் அடிப்படை. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனை எதிர்பாராத செலவன்று. அதனைப் பாலிசியில் சேர்த்தால், அந்தச் செலவு முன்கூட்டியே பிரீமியத்தில் ஏற்றப்படும் என்பது காப்பீட்டுத் துறையினரின் வாதம். இதில் நியாயம் இருக்கிறது.

மற்றொரு காரணம் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது. 2011 அக்டோபர் முதல், ஒரு நிறுவனத்தின் பாலிசியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வசதி நடைமுறையில் உள்ளது. இன்று ஒரு நிறுவனம் செலவழித்து நீரிழிவைக் கண்டுபிடித்தால், பத்தாண்டுகள் கழித்துத் தவிர்க்கப்படும் சிறுநீரகச் செயலிழப்பின் பயன் வேறொரு நிறுவனத்துக்குப் போய்ச் சேரலாம். செலவு தன்னுடையது, சேமிப்பு பிறருடையது என்னும்போது எந்த நிறுவனமும் தயங்கும். ஒரு குடிமகனின் முழு ஆயுளுக்கும் பொறுப்பேற்கும் அமைப்பு அரசு மட்டுமே. ஆகவே, முன்தடுப்பில் முதலீடு செய்வதன் முழுப் பயனும் அரசுக்கே கிடைக்கும்.

மக்கள் தரப்பிலும் ஒரு தயக்கம் உள்ளது. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெறப்பட்ட நோய், 'ஏற்கெனவே உள்ள நோய்' எனக் கருதப்படுகிறது. அதற்கான காத்திருப்புக் காலம் 2024-இல் அதிகபட்சம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. குறைந்தாலும், இவ்விதியின் விளைவு விசித்திரமானது. பாலிசி எடுப்பதற்கு முன்பு பொறுப்புடன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தவர், நோய் தெரியவந்தால் அதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடும். அதே நோயுடன் பரிசோதனையே செய்துகொள்ளாமல் இருந்தவரிடம் குறிப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. அறிந்துகொள்ள முயன்றவருக்கே இடையூறு என்ற இந்த நிலை, பரிசோதனையைத் தள்ளிப்போடும் மனப்பான்மைக்கு ஒரு காரணமாகிறது.

இதன் சுமை சிறிதன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் உள்ளனர். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் எண்ணிக்கை 31.5 கோடி. இவை ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் தங்கியிருக்கும் நோய்கள்.

அரசுத் திட்டங்களின் வரம்பு

ஏழைக் குடும்பங்களுக்கான பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பர் 23-ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை இதில் கிடைக்கிறது. கர்நாடகத்தில் இது மாநிலத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு 'ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா' என்ற பெயரில், சுவர்ண ஆரோக்கிய சுரக்ஷா அறக்கட்டளை மூலம் செயல்படுகிறது. வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ள குடும்பங்களுக்கும் சிகிச்சைக் கட்டணத்தில் 30 சதவீதத்தை, ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் மாநில அரசு ஏற்கிறது.

தனியார் பாலிசிகளைவிட இத்திட்டம் ஒரு விஷயத்தில் மேலானது. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. அதனால், பரிசோதனை செய்துகொண்டால் காப்பீடு கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை. ஆனால், இதுவும் கட்டிலைச் சுற்றியே அமைந்தது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களின் செலவும், வெளியேறிய பின் 15 நாள்களின் செலவும் மட்டுமே சிகிச்சைத் தொகுப்புடன் சேரும். புறநோயாளியாகப் பெறும் பரிசோதனை இதில் அடங்காது.

காப்பீட்டையும் கண்டறிதலையும் இணைக்க முடியாது என்பதில்லை. கர்நாடகமே அதற்குச் சான்று. 2003-இல் நடைமுறைக்கு வந்த 'யசஸ்வினி' கூட்டுறவு விவசாயிகள் திட்டம் அறுவைச் சிகிச்சைகளுக்கானது. எனினும், உறுப்பினர்களுக்கு இலவச மருத்துவ ஆலோசனையும் சலுகைக் கட்டணத்தில் சோதனைகளும் அதில் இருந்தன. பின்னர் வந்த 'வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ' திட்டத்தில், கிராமங்களில் முகாம்கள் நடத்தி இதய நோய், புற்றுநோய் உள்ளவர்களைக் கண்டறிந்து, அங்கிருந்தே மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். இத்திட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள கிராமங்களை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏற்பட்ட இறப்பு, தகுதி பெற்ற குடும்பங்களில் 0.32 சதவீதமாகவும், தகுதி இல்லாத குடும்பங்களில் 0.90 சதவீதமாகவும் இருந்தது. காப்பீட்டு அட்டையுடன், நோயாளியைத் தேடிச் சென்று அழைத்துவந்த முகாம்களும் சேர்ந்தே அத்திட்டம் இயங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், சிகிச்சையுடன் கட்டுப்படாத சில கண்டறிதல் சோதனைகள் தனியாகவே இடம்பெற்றுள்ளன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், காப்பீட்டைச் சாராமல் அரசின் சுகாதாரத் துறை வழியே நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீடுகளுக்கு மருந்துகளைக் கொண்டுசேர்க்கிறது. இரு மாநில எல்லையைக் கடந்து வேலைக்காகப் பெங்களூரு வரும் தொழிலாளிக்கு, ஊரில் கிடைக்கும் இந்தத் தொடர் கவனிப்பு நகரத்தில் அறுபட்டுவிடுகிறது.

எந்தச் சோதனை பயன் தரும்?

பரிசோதனை என்றாலே நன்மை என்று கருதுவதும் தவறு. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பொதுவான முழு உடல் பரிசோதனை செய்வதால் இறப்பு குறைவதில்லை என்று, பல நாடுகளில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வு கூறியது. தென் கொரியாவில் தைராய்டுப் புற்றுநோய்ப் பரிசோதனை பரவலானபோது, 1993-க்கும் 2011-க்கும் இடையில் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கு ஆளானோரே மிகுந்தனர். சலுகை விலையில் ஐம்பது, அறுபது அளவீடுகள் என விளம்பரப்படுத்தப்படும் தொகுப்புகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

மறுபுறம், சில எளிய சோதனைகள் உயிரைக் காக்கின்றன என்பது இந்திய மண்ணிலேயே நிறுவப்பட்டுள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கருப்பைவாயைக் கண்ணால் பார்த்தறியும் சோதனையை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒருமுறை மட்டுமே செய்தனர். அதன் பிறகு கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1.5 லட்சம் பெண்களிடம் நடத்திய 20 ஆண்டு ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் கையால் செய்த மார்பகப் பரிசோதனை, 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

எனினும், இச்சோதனைகள் பெரும்பாலான பெண்களை எட்டவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். முன்னிலையில் உள்ள தமிழ்நாட்டில்கூட கருப்பைவாய்ப் பரிசோதனை ஏறத்தாழ 10 சதவீதத்தையே எட்டியது. அதே ஆய்வில், உறுப்பினர் ஒருவருக்கேனும் மருத்துவக் காப்பீடு உள்ள குடும்பங்கள் 41 சதவீதம். காப்பீட்டு அட்டை பரவிய அளவுக்குப் பரிசோதனை பரவவில்லை என்பதை இந்த இரண்டு எண்களுமே சொல்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது.

சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே

ஈஜிபுராவில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்கு முதல் சோதனை இலவசமாகவே கிடைக்கக்கூடும். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம கிளினிக்' திட்டத்தின்படி, பெங்களூருவில் வார்டுக்கு ஒன்று என 243 மருத்துவ மையங்கள் திட்டமிடப்பட்டன. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு போன்றவற்றை அங்கே கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், காலை 9 மணி முதல் மாலை 4.30 மணி வரை இயங்கும் வகையில் அவை தொடங்கப்பட்டன. நான்கைந்து வீடுகளில் வேலை செய்பவருக்கு அந்த நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்வதென்றால் ஒருநாள் விடுப்பு எடுக்க வேண்டும். சோதனை இலவசமானாலும், இழக்கும் கூலி அதன் விலையாகிவிடுகிறது.

அவர் சென்று, சோதனையில் ஏதோ சந்தேகம் தோன்றியதாகக் கொள்வோம். அடுத்து மேமோகிராம், கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் சோதனை, திசுப் பரிசோதனை ஆகியவற்றில் ஒன்று தேவைப்படும். அது வார்டு மையத்தில் கிடைக்காது. பெரிய மருத்துவமனையில் புறநோயாளியாகச் செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் உறுதியானால், சிகிச்சைக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு காத்திருக்கிறது. உறுதியாகும் வரையிலான செலவும், பல நாள் அலைச்சலும் அவருடையது. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தால், அந்தச் செலவை எந்தத் திட்டமும் திருப்பித் தராது. தொடக்கச் சோதனைக்கு அரசும், முற்றிய நோய்க்குக் காப்பீடும் பொறுப்பேற்க, நடுவிலுள்ள படிக்கு எவரும் பொறுப்பேற்காத நிலை இது. பலர் நின்றுவிடுவது இந்தப் படியில்தான்.

திண்டுக்கல் ஆய்வின் வெற்றிக்கு இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. அங்கே சந்தேகத்துக்குரிய பெண்களுக்கு அதே வருகையின்போதே உருப்பெருக்கிச் சோதனையும், தேவையானவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. 'பிறகு வாருங்கள்' என்று அனுப்பப்பட்டவர்கள் குறைவு. சோதனையின் பயன், அதைத் தொடர்ந்து வரும் படிகளைப் பொறுத்தே அமைகிறது.

முறைசார்ந்த வேலையில் உள்ளவர்களுக்கும் ஒரு முரண்பாடு உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான இஎஸ்ஐ திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் பரிசோதனைகளும் அடங்கும். ஊதியம் அந்த வரம்பைத் தாண்டினால், தொழிலாளி இஎஸ்ஐ-யிலிருந்து விலகி நிறுவனத்தின் குழுக் காப்பீட்டுக்கு மாற நேரிடுகிறது. அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டுமானது. ஊதிய உயர்வே பரிசோதனை வசதியை இழக்கக் காரணமாகும் நிலை இதனால் உருவாகிறது.

இவை அனைத்துக்கும் அடியில் முகவரி என்னும் சிக்கல் இருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக ஈஜிபுராவில் மாநகராட்சி கட்டிய 42 தொகுதிகளில் 1,512 வீடுகள் இருந்தன. கட்டடங்கள் சிதைந்து, பின்னர் அங்கே கொட்டகைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோர் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் ஏராளம். வீடு மாறினால் ரேஷன் அட்டையின் முகவரி மாற வேண்டும். ரேஷன் அட்டையே கர்நாடகத்தின் காப்பீட்டுத் தகுதிக்கு அடிப்படை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களையும், வேறு மாநில அட்டை வைத்திருப்பவர்களையும் இந்த முறை எளிதில் தவறவிடுகிறது. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ள நிலையில், வார்டு அளவிலான சுகாதாரப் பதிவேடுகள் தொடர்ச்சி குலையாமல் கைமாற வேண்டியதும் அவசியமாகிறது.

பிற நாடுகளின் வழி

அமெரிக்காவில் 2010-இல் இயற்றப்பட்ட சட்டம், நிபுணர் குழு பரிந்துரைக்கும் முன்தடுப்புச் சோதனைகளை நோயாளியிடம் பணம் பெறாமல் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்றது. அந்த ஏற்பாட்டை எதிர்த்த வழக்கில், குழுவின் நியமன முறை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஜப்பான் 2008 முதல் 40 முதல் 74 வயதினருக்கான பரிசோதனையைக் காப்பீட்டு அமைப்புகளின் கடமையாக்கியது. சிங்கப்பூரில் 2023 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சோதனைகள் இலவசம். இலங்கையோ காப்பீட்டை நாடாமல், அரசின் நல மகளிர் சிகிச்சை நிலையங்கள் வழியாக 1996 முதல் இப்பணியைச் செய்கிறது. வழிகள் வேறானாலும், எந்தச் சோதனை, எவருக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை வரையறுத்துவிட்டு அதன் பிறகே பணத்துக்கு வழி செய்தது இவற்றின் பொதுத்தன்மை.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் அந்தப் பட்டியலை உருவாக்கும் பணி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம், 30 வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகிய ஐந்துக்குமான பரிசோதனையை 2017 முதல் பரிந்துரைத்து வருகிறது. அதே பட்டியலை எல்லா மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கும் குறைந்தபட்ச அளவாக ஐஆர்டிஏஐ அறிவித்தால், கவர்ச்சியான தொகுப்புகளுக்குப் பதிலாகப் பயன் நிறுவப்பட்ட சோதனைகள் கிடைக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கடமை என்றால், சேமிப்பு பிறருக்குப் போகும் என்ற தயக்கத்துக்கும் இடமிராது.

இரண்டாவதாக, அரசு மையத்தில் சந்தேகம் எழுந்தவருக்கான உறுதிப்படுத்தும் சோதனையை, முடிவு எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தனித் தொகுப்பாகச் சேர்க்கலாம். தமிழ்நாட்டின் திட்டத்தில் தனிச் சோதனைகளுக்கு இடமளித்த முன்மாதிரி இருக்கிறது. மூன்றாவதாக, பரிசோதனையில் தெரியவந்த நோயைக் காரணம் காட்டிக் காத்திருப்புக் காலம் விதிப்பதை, குறைந்தபட்சம் அரசு நடத்தும் பரிசோதனைகளைப் பொறுத்தவரையிலாவது தளர்த்துவது பற்றி ஆணையம் ஆராயலாம்.

நான்காவது, பணம் குறைவாகவும் நிர்வாக உறுதி அதிகமாகவும் தேவைப்படும் செயல். உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில் வாரத்தில் சில நாள்களேனும் மாலை நேரத்திலும், ஞாயிற்றுக்கிழமையும் பரிசோதனை நடைபெற வேண்டும். செயலி வழித் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டத்தின்படி, நிறுவனங்களிடமிருந்து 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம் வசூலிக்க வழியுள்ளது. அந்த நிதியில் ஒரு பகுதியை ஆண்டுப் பரிசோதனைக்கும், அன்று இழக்கும் கூலிக்கும் ஒதுக்க முடியும். வீட்டுப் பணியாளர்களுக்கும் அத்தகைய நிதி ஏற்பாடு தேவை.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவிடும் பங்கு, 2013–14-இல் இருந்த 64.2 சதவீதத்திலிருந்து 2021–22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. இது முன்னேற்றமே. எஞ்சியுள்ள சுமையில் பெரும்பகுதி மருந்து, புறநோயாளிச் சிகிச்சை, சோதனைகள் ஆகியவற்றில் இருப்பதால், அடுத்த கட்ட முன்னேற்றம் மருத்துவமனைக் கட்டிலுக்கு வெளியேதான் நிகழ வேண்டும். அது நிகழ்ந்ததா என்பதை, எத்தனை காப்பீட்டு அட்டைகள் வழங்கப்பட்டன என்ற கணக்கைக் கொண்டு அறிய முடியாது. ஈஜிபுராவில் முதல் சோதனையில் சந்தேகத்துக்குள்ளான பெண்களில் எத்தனை பேர் அடுத்த சோதனையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினர் என்ற கணக்கே அதைச் சொல்லும்.